டெண்ட்டா ஹேமக்கா? ட்ரெக்கிங் பையோட எடை குறைக்க எது உருப்படி?

நடராஜாசர்வீஸ்:
மக்களே ஒரு பஞ்சாயத்து தீர்த்து வைங்க. சாப்பாடு தண்ணி சேர்க்காம பையோட எடையை 5 கிலோவுக்குள்ள கொண்டு வரணும்னு பிடிவாதமா இருக்கேன், அடுப்பு பாத்திரம் துணிமணி எல்லாத்துலயும் கழிச்சாச்சு, இன்னும் இடிக்கறது டெண்ட் ஒண்ணுதான். ரெண்டு பேர் படுக்கறது, ரெண்டரை கிலோ. ஹேமக்குக்கு, அதான் ரெண்டு மரத்துக்கு நடுவுல தொங்கக் கட்டற துணிப் படுக்கைக்கு மாறு, அரை கிலோவுல வேலை முடிஞ்சுதுன்னு கூட நடக்கற ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அது மத்தியானம் குட்டித்தூக்கம் போடத்தான் லாயக்குங்கறார். தனியாத்தான் நடப்பேன். பெரும்பாலும் காடு, நடுவுல மரமே இல்லாத மேடும் வரும். ராத்திரி 5 டிகிரி வரைக்கும் இறங்கலாம். ஒருக்களிச்சுத்தான் தூங்குவேன். எது எடுக்கலாம்?

தூளிப்பித்தன்:
ஹேமக்தான், இதுல யோசிக்க என்ன இருக்கு. டெண்ட்டுக்காரங்க சாயங்காலம் ஆனா போதும், தரையைப் பாத்துக்கிட்டே நடப்பாங்க, சமமா இருக்கா, வேர் குத்துமா, மழை வந்தா தண்ணி தேங்குமான்னு. நமக்கு நாலு மீட்டர், நாலரை மீட்டர் தள்ளி ரெண்டு நல்ல மரம் இருந்தா போதும், கீழ சரிவோ சேறோ பாறையோ யாருக்கு என்ன. மழையிலதான் இதோட அருமை தெரியும். மழைக்கு மேல கட்டற கூரைத்துணி, அந்த டார்ப்பை முதல்ல கட்டிட்டு அதுக்கடியில நின்னு நிதானமா மத்ததை வெளிய எடுக்கலாம். காலைல எல்லாத்தையும் காஞ்சபடியே பையில அடுக்கிட்டு கடைசியா டார்ப்பை மட்டும் ஈரத்தோட வெளிப்பாக்கெட்டுல திணிச்சுட்டு கிளம்பலாம். உள்கூட்டை முதல்ல நிறுத்தி மேல்துணியை அப்புறம் போர்த்தற டெண்ட்டை கொட்டற மழையில நிறுத்திப் பாருங்க, படுக்கறதுக்கு முன்னாடியே உள்ள குளம் கட்டியிருக்கும்.

முதுகுபாரம்:
அந்த அரை கிலோ கதையை முதல்ல நிறுத்துங்கப்பா. புதுசா வர்ற எல்லாரையும் இதைச் சொல்லித்தான் கவுக்கறீங்க. அரை கிலோங்கறது கொசுவலையோட ஹேமக் துணி மட்டும், சரி 450 கிராம்னே வச்சுக்குவோம். மரத்துல சுத்தற ஸ்ட்ராப், பக்கிள் 150. டார்ப் 300, அதுக்கு கயிறு, தரையில அடிக்கற பெக் 100. குளிருக்கு ஹேமக்குக்குக் கீழ தொங்கவிடற ரஜாய், அதான் அண்டர்குவில்ட் 500. கூட்டிப் பாருங்க, ஒன்றரை கிலோ. இந்தப் பக்கம் கையில ஊனி நடக்கற ட்ரெக்கிங் போல்லயே நிக்கற ஒருத்தர் டெண்ட் 650, பெக் 100, கீழ விரிச்சுப் படுக்கற, காத்தடிக்கற பேட் 400. 1150. மேல போர்த்திக்கறது ரெண்டுக்கும் ஒண்ணுதான். 350 கிராம் மிச்சம் எங்களுக்கு, உங்களுக்கு இல்ல.

நடராஜாசர்வீஸ், நீங்க ரெண்டரை கிலோ டெண்ட்டோட ஹேமக்கை ஒப்பிடறீங்க, அதுலதான் கோளாறு. அந்த டெண்ட்டே பழைய காலத்து எடை.

தூளிப்பித்தன்:
முதுகுபாரம் தல, கணக்கை உங்களுக்கு வசதியா போட்டுட்டீங்களே. அந்த 650 கிராம் டெண்ட் ஒத்தைச் சுவர்காரன், ஒரே அடுக்குத் துணி. விடியக்காலை உள்பக்கம் பூரா முத்து முத்தா வேர்த்து நிக்கும், புரண்டு படுத்தா ஸ்லீப்பிங் பேகோட கால்மாட்டு சரிஞ்ச சுவத்துல போய் உரசும், எழுந்து பாத்தா அந்த ஒரு ஜாண் மட்டும் சொதசொதன்னு இருக்கும். பேகுக்குள்ள அடைச்ச வாத்துச் சிறகு நனைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? உள்கூடு, மேல்துணின்னு ரெண்டு அடுக்கு இருக்கற ரெட்டைச் சுவர் எடுத்தா எடை இன்னும் ஏறிடும். அப்புறம் ட்ரெக்கிங் போல். அது எல்லார் கையிலயும் இருக்குன்னு யார் சொன்னது, நான் போல் எடுத்துட்டுப் போறதே இல்ல, உங்க டெண்ட்டுக்காக அதையும் தூக்கணும்னா ஜோடி 400 கிராம் அதுல ஏறும்.

முதுகுபாரம்:
வேர்க்குதுன்னா இடம் பாத்துப் போடத் தெரியலன்னு அர்த்தம். ஓடைக்கரையிலயும் பள்ளத்துலயும் போட்டா வேர்க்காம என்ன செய்யும், குளிர்ந்த ஈரக்காத்து ராத்திரி அங்கதானே இறங்கி நிக்கும். கொஞ்சம் மேடேறி மரத்தடியில போட்டு ரெண்டு பக்கமும் திறந்து விட்டா பாதி பிரச்சனை தீர்ந்துது. மிச்சத்துக்கு ஒரு சின்னத் துணி, துடைச்சுட்டுக் கிளம்ப வேண்டியதுதான். போல் விஷயம் சரி, இல்லாதவங்களுக்கு என் கணக்கு பொருந்தாது.

மலைராணி:
ரெண்டு பேரும் கிராம் எண்ணிக்கிட்டு இருக்கீங்க, கேட்டவர் 5 டிகிரின்னு சொன்னதை ஒருத்தரும் காதுல வாங்கல. ஹேமக்ல புதுசா படுக்கறவங்க எல்லாரும் மாட்டறது இங்கதான். நல்ல ஸ்லீப்பிங் பேக் இருக்கே போதும்னு போவாங்க. படுத்ததும் உடம்புக்கு அடியில இருக்கற பகுதி நசுங்கிடும், நசுங்கின சிறகுல காத்து நிக்காது, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது. தரையில படுத்தா அடியில மண்ணுதான் இருக்கு, ஹேமக்ல அடியிலயும் காத்து ஓடிக்கிட்டே இருக்கும். 20 டிகிரியிலயே இடுப்புக்குக் கீழ ஐஸ் வச்ச மாதிரி ஆகிடும். அதனாலதான் அண்டர்குவில்ட்டை வெளிப்பக்கமா தொங்க விடறது, அது நசுங்காம உப்பலா நிக்கணும். அதையும் இழுத்து டைட்டா கட்டினா நசுங்கிப் போகும், லூசா விட்டா நடுவுல விரல் நுழையற இடைவெளி விழுந்து காத்து உள்ள புகுந்து வெளிய போகும். படுத்துக்கிட்டே கையை வெளிய விட்டு தோள்பட்டைக்கு அடியில தடவிப் பாக்கணும், துணியும் குவில்ட்டும் லேசா தொட்டுக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான். ரெண்டு முனையும் சுருக்குக் கயிறு போட்டு இழுத்து மூடியிருக்கணும். இது கைக்கு வர்ற வரைக்கும் குளிர் ராத்திரிக்கு ஹேமக் தூக்கிட்டுப் போகாதீங்க சார்.

நடராஜாசர்வீஸ்:
நன்றி மேடம். கையில ஏற்கனவே இருக்கற பேடையே ஹேமக்குள்ள போட்டுக்கிட்டா ஆகாதா? 500 கிராம் மிச்சமாச்சே.

மலைராணி:
ஆகும், ஆனா சுகப்படாது. ராத்திரி பூரா பேட் ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்னு வழுக்கும். ரெட்டைத்துணி ஹேமக்னா நடுவுல சொருகலாம், ஓரளவு நகராம நிக்கும், ஆனா அந்த ரெண்டாவது துணியும் எடைதானே. துணி சுத்தி வந்து தோளை அணைக்கும் பாருங்க, பேட் அந்த அகலத்துக்கு வராது, தோளும் முழங்கையும் சில்லுன்னு இருக்கும். ஒருக்களிச்சுப் படுக்கறவருக்கு இன்னும் கஷ்டம்.

எடைக்கணக்கு:
ஒருக்களிச்சு படுக்கறதைப் பத்தி யாரும் சரியா சொல்லல, நான் சொல்றேன். வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுதான் படுக்கணும்னு நினைக்கறவங்க ஹேமக்கை நீளவாக்குல படுத்துப் பாத்தவங்க. ரெண்டு முனையையும் சுருக்கிக் கட்டற ஹேமக்ல குறுக்கால, தலை ஒரு மூலை கால் எதிர் மூலைன்னு கோணலா படுத்தா உடம்பு கிட்டத்தட்ட சமமா வரும். அதுக்கு ஹேமக் நீளமா இருக்கணும், 3.3 மீட்டராவது. கடையில உருண்டையா சுருட்டி விக்கற குட்டி சைஸ்ல கோணலா படுக்க இடமே இருக்காது, அதுல படுத்துட்டு ஹேமக்கே சரியில்லன்னு எழுதறவங்கதான் ஜாஸ்தி.

கட்டற கயிறு தரைமட்டத்துக்கு 30 டிகிரி கோணத்துல சரியணும். டைட்டா கட்டினா சமமா இருக்கும்னு தோணும், நேர்மாறா ஆகும், துணி ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி ஏறி தோளை நசுக்கும். கயித்துக்கும் ஆபத்து. 30 டிகிரியில ஒவ்வொரு பக்கக் கயிறும் இழுக்கறது உங்க எடை அளவு, 80 கிலோ ஆள்னா பக்கத்துக்கு 80. கோணம் 15க்கு வந்தா அதுவே கிட்டத்தட்ட 155 ஆகும், 10க்கு வந்தா 230. மரம் சின்னதா இருந்தா அதுக்கும் இதே அடிதான். தினமும் கோணம் பாக்கப் பொறுமை இல்லாதவங்க ஹேமக்கோட ரெண்டு முனையையும் இணைச்சு, அதோட நீளத்துல 83 சதவீதத்துக்கு ஒரு ரிட்ஜ்லைன் கயிறு கட்டிடுங்க, 3.3 மீட்டருக்கு 2.74 வரும், மரம் எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொய்வு ஒரே மாதிரி இருக்கும்.

சில பேருக்கு கோணலா படுத்தாலும் முழங்கால் பின்னாடி மடங்கி வலிக்கும், அவங்க முழங்காலுக்கு அடியில ஜாக்கெட்டை சுருட்டி வைக்கலாம். சுத்தமா ஒருக்களிச்சே படுக்கணும்னா ரெண்டு பக்கமும் குறுக்குக் கம்பு வச்ச பிரிட்ஜ் மாடல் இருக்கு, எடை ஏறும்.

முதுகுபாரம்:
பாத்தீங்களா? கோணம், ரிட்ஜ்லைன், குவில்ட் இடைவெளி, சுருக்குக் கயிறு, முழங்காலுக்கு ஜாக்கெட். படுக்கறதுக்கே ஒரு படிப்பு படிக்கணும். டெண்ட்டை விரிச்சோமா பேடை ஊதினோமா கட்டையை நீட்டினோமான்னு போகலாம். அப்புறம் கேட்டவர் மரமில்லாத மேடு வரும்னு சொன்னாரே, தூளிப்பித்தன் அதைத் தொடவே இல்ல. அமெரிக்காவுல அப்பலாச்சியன் ட்ரெயில்ல, அது 3,500 கிலோமீட்டர், பெரும்பாலும் காட்டுக்குள்ளயே போகும், அங்க ஹேமக்காரங்க நிறைய. பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ல தெற்குலேர்ந்து கிளம்பினா தொடக்கமே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வறண்ட பூமி, அப்புறம் மரம் முளைக்காத உசரம். அங்க ஹேமக்கை எதுல கட்டுவீங்க, கள்ளிச்செடியிலயா?

தூளிப்பித்தன்:
தொடறேன். மரம் இல்லன்னா தரைக்கு இறங்கிட வேண்டியதுதான். டார்ப்பை ரெண்டு கம்புல நிறுத்தி, கீழ ஒரு பிளாஸ்டிக் ஷீட், ஹேமக்கோட வலையை மேல இழுத்துக் கட்டினா அதுவே டெண்ட். ஒண்ணு ரெண்டு ராத்திரிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

முதுகுபாரம்:
போலே எடுத்துட்டுப் போறதில்லன்னு மேல சொன்னது நீங்கதானே, கம்பு எங்கேர்ந்து வரும்? மரமே இல்லாத மேட்டுல?

அதை விடுங்க. அண்டர்குவில்ட்டை தரையில போட்டுப் படுத்தா மலைராணி சொன்ன அதே நசுங்கற கதைதான், அப்ப பேடும் தூக்கணும். ஹேமக், குவில்ட், பேட் மூணும். 2 கிலோவைத் தொட்டாச்சு. மேட்டுல காத்து வேற அடிக்கும், நாலு பக்கமும் திறந்த டார்ப்புக்குள்ள மழை சாய்ஞ்சு வந்தா ஒதுங்க இடமில்ல.

தூளிப்பித்தன்:
சரி கம்பு பாயிண்ட் உங்களுக்கு. ஆனா தூக்கத்தைக் கணக்குல சேருங்க சார். 350 கிராம் மிச்சம் பண்ணி ராத்திரி பூரா வேர் குத்தி புரண்டுட்டு மறுநாள் இருபது கிலோமீட்டர் நடக்கறதுக்கு, அந்த 350ஐ தூக்கிட்டே நடந்துடலாம். எடை குறைக்கறதே உடம்பு அலுக்காம இருக்கத்தானே? ஹேமக்ல தூங்கிப் பழகினவங்க தரைக்குத் திரும்ப வர்றது அபூர்வம், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்.

பாதிதூக்கம்:
நான் ரெண்டுலயும் சரியா தூங்காத ஜென்மம், அதனால நடுநிலை. ஒரே ஒரு விஷயம், யாரும் சொல்லலயேன்னு. எதைக் கட்டறதுக்கும் முன்னாடி அண்ணாந்து மேல பாருங்க. காஞ்ச கிளை தொங்கிக்கிட்டு இருந்தா அந்த இடமே வேண்டாம். ஹேமக்குக்கு இன்னும் ஒரு படி மேல, ஏன்னா உங்க எடையை அந்த மரத்துலயே தொங்க விடறீங்க. உயிரோட இருக்கற மரமா, 15 சென்டிமீட்டருக்கு மேல தடிமனா, பட்டை உரிஞ்சு காளான் முளைச்சிருக்கான்னு சுத்தி வந்து பாக்கணும். டெண்ட்டைத் தள்ளிப் போட்டுக்கலாம், ஹேமக்கைத் தள்ளிக் கட்டணும்னா அடுத்த ஜோடி மரம் தேடணும், இருட்டின நேரத்துல அது ஒரு தலைவலி. மெல்லிசு கயித்தை நேரா மரத்துல கட்டாதீங்க, பட்டையை அறுத்துடும், ஸ்ட்ராப் ரெண்டரை சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும். சில காட்டுல மரத்துல எதையும் கட்டவே கூடாதுன்னு விதி இருக்கு, போற இடத்துல கேட்டுக்கங்க.

தூளிப்பித்தன்:
இதுல எனக்கு மறுபேச்சு இல்ல. கூடவே ஒண்ணு, மழைநாள்ல ஸ்ட்ராப் வழியா தண்ணி வழிஞ்சு நேரா ஹேமக்குக்கே வரும். டார்ப்புக்கு உள்பக்கமா ஸ்ட்ராப்புல ஒரு துண்டு நூல்கயிறு முடிஞ்சு தொங்க விடுங்க, அங்கயே சொட்டிடும்.

நடராஜாசர்வீஸ்:
எல்லாருக்கும் நன்றி. இதைப் படிச்சுட்டு வர்ற பயணத்தோட மேப்பை எடுத்துப் பாத்தேன். நான் நினைச்சதை விட மேடு ஜாஸ்தி, மொத்த ராத்திரிகள்ல பாதிக்கு மேல மரத்தை விட்டு வெளியதான் தங்கணும். ட்ரெக்கிங் போல் எப்பவும் கையில இருக்கு, பேடும் இருக்கு. அப்ப இந்தத் தடவை போல் டெண்ட்தான்னு தோணுது. ஒத்தைச் சுவரா ரெட்டைச் சுவரான்னு மட்டும் சொல்லுங்க.

முதுகுபாரம்:
5 டிகிரி, மேடு, காத்து ஓட்டம் இருக்கும். ஒத்தைச் சுவரே போதும், நீளம் மட்டும் உங்க உசரத்துக்கு மேல நல்லா தாராளமா இருக்கற மாதிரி எடுங்க, தலையும் காலும் துணியைத் தொடக்கூடாது. துணி பாலியெஸ்டரா பாருங்க, நைலான் ஈரமானா தொய்யும், நடுராத்திரி எழுந்து கயிறு இழுக்கணும். பாறை மேல பெக் இறங்காது, கூட நீளமா நாலு கயிறு வச்சுக்கங்க, கல்லுல சுத்திக் கட்டலாம்.

மலைராணி:
எனக்கென்னவோ ரெட்டைச் சுவர். மேட்டுல மேகம் இறங்கி உக்காந்துட்டா காத்தும் இருக்காது ஒண்ணும் இருக்காது, எல்லாம் ஈரம்தான். 300 கிராம் கூடினா கூடட்டும்.

தூளிப்பித்தன்:
பாருங்க, டெண்ட்டுக்காரங்களுக்குள்ளயே ஆரம்பிச்சாச்சு. நடராஜாசர்வீஸ், காட்டுக்குள்ளயே போற பயணம் எப்பயாவது வந்தா சொல்லுங்க, என் பழைய 3.3 மீட்டர் ஹேமக் சும்மாதான் கிடக்கு, தர்றேன். 5 டிகிரிக்கு மட்டும் வேண்டாம், கோடையில படுத்துப் பாருங்க.

முதுகுபாரம்:
அண்டர்குவில்ட்டையும் சேத்து எடை போட்டுக் குடுங்க தல.