தோழி சொன்ன ஒரு வார்த்தைக்காக வேலையை விடலாமா?

தங்கைக்கு வேலை கிடைத்து, சேரும் தேதியைக்கூடக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். அப்புறம் அங்கே முன்பு வேலை பார்த்த தோழி, "அங்க மட்டும் போகாத, மேனேஜர் ராத்திரி 11 மணிக்கும் கூப்பிடுவார்" என்றாள். அதோடு சரி. ஆஃபர் லெட்டரைத் திறந்து திறந்து பார்க்கிறாள், பதில் அனுப்பவில்லை.

சொல்பவருக்கு ஆதாயம் இல்லை என்பதால் விளம்பரத்தைவிட இந்த வாய்ச்சொல்லைத்தான் நம்புகிறோம். புதிய வேலைத் தகவல் பெரும்பாலும் தூரத்துப் பழக்கம் வழியாகத்தான் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே எழுதினார். ஆனால் போவதா வேண்டாமா என்பதில் நெருங்கியவர் பேச்சே எடுபடுகிறது. தோழி பொய் சொல்லமாட்டாள். ஆனால் அவள் பார்த்தது ஒரே ஒரு டீம்.

இப்படிக் கேள்விப்பட்டதை நீங்கள் எப்படிச் சரிபார்த்தீர்கள்? நேர்காணல் எடுத்தவரிடமே வேலை நேரத்தைப் பற்றிக் கேட்கலாமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.