புதுப்பிப்பு: யோக்யகர்த்தா போய் வந்தாச்சு

அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கிற யோக்யகர்த்தா போகிறோம், 4 நாள் போதுமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

நாள் போதும். சாப்பாடுதான் கதை. அந்த ஊர்ப் பெருமை கூடெக். பலாப்பிஞ்சைத் தேங்காய்ப்பால், கருப்பட்டி மாதிரியான வெல்லம் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். செம்பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தாலே குழைகிறது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கூட்டா, பாயசமா?" என்றார். கூடவே வைக்கிற காரமான கிரெச்செக் மாட்டுத்தோலில் செய்வது. வேண்டாதவர்கள் "தன்பா கிரெச்செக்" (கிரெச்செக் இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் அம்மாவே கூடெக் கேட்டார், அது வேறு விஷயம்.

போரோபுதூர் என்கிற பிரமாண்டமான பழைய புத்தக் கோயிலில் என் தப்பு. மேலே ஏற தனி டிக்கெட், தினமும் இத்தனை பேர்தான் என்று அளவு. முன்பதிவு செய்யாததால் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பிரம்பானன் அதை ஈடுகட்டிவிட்டது. 47 மீட்டர் உயர சிவன் கோயில். வடக்கு அறையில் துர்க்கை, மேற்கில் பிள்ளையார், தெற்கில் தாடியும் தொப்பையுமாக அகத்தியர்! அம்மா அவரைவிட்டு நகரவே இல்லை. படிகள் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் நிதானமாக ஏறுங்கள்.

மாலியோபோரோ தெருவில் பாத்திக் சட்டை வாங்கினோம். பேரம் பேசும் வேலையை அம்மாவிடமே விட்டுவிட்டேன்.