உலுண்டிச் செய்தி: தந்தி வந்ததால் நிருபருக்கு வாய் திறந்ததா, பூட்டு விழுந்ததா?

வழுதி:
1879-ல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் சூலு அரசோடு நடத்திய போரில் ஆர்ச்சிபால்ட் ஃபோர்ப்ஸ் செய்த காரியம் ஒன்றே போதும், தந்தி நிருபருக்குக் கிடைத்த ஆயுதம் என்று சொல்ல. ஜூலை 4 அன்று சூலு தலைநகர் உலுண்டியில் சண்டை முடிந்தது. பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் மறுநாள்தான் தூதுவனை அனுப்புவதாக இருந்தார். லண்டன் 'டெய்லி நியூஸ்' நிருபரான ஃபோர்ப்ஸ் அன்று மாலையே கிளம்பிவிட்டார். தடம் தெரியாத இருட்டில் ஏறத்தாழ நூறு மைல் குதிரையில் போய், லேண்ட்மன்ஸ் ட்ரிஃப்ட் தந்தி நிலையத்தைப் பிடித்தார். புதிதாக வந்திருந்த தளபதி வூல்ஸ்லிக்கே வெற்றிச் செய்தி ஃபோர்ப்ஸின் தந்தியில்தான் கிடைத்தது.

கம்பிக்காரன்:
களைத்த குதிரையை அவர் மாற்றிக்கொண்டது வழியிலிருந்த படை முகாம்களில். செய்தி போனதும் படையின் தந்திக் கம்பியில்தான். வெற்றிச் செய்தி, அதனால் யாரும் மறிக்கவில்லை. அதே ஆண்டு ஆப்கன் போரில், குர்ரம் பள்ளத்தாக்கில், லண்டன் 'ஸ்டாண்டர்ட்' ஏட்டின் நிருபர், அதிகாரி ஒப்புதல் தந்த தந்தியை அப்புறம் மாற்றி அனுப்பினார் என்று பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் அவரை வெளியேற்றினார்.

வழுதி:
கம்பி இல்லாத நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? அதே சூலு போரில், இசாண்ட்ல்வானாவில் ஜனவரி 22 அன்று பிரிட்டிஷ் தரப்பில் 1300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். லண்டனுக்குத் தெரிந்தது பிப்ரவரி 11. யாரும் மறைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்குக் கடலடிக் கேபிள் அப்போது கிடையாது. கேபிள் உள்ள தீவுவரை கப்பல் வடக்கே போயாக வேண்டும். டர்பனுக்குக் கேபிள் வந்தது அந்த ஆண்டுக் கடைசியில்.

கம்பிக்காரன்:
தாமதம் பெரிய குறைதான், மறுக்கவில்லை. ஆனால் 1858-ல் லக்னோவிலிருந்து வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் 'டைம்ஸ்' ஏட்டுக்கு எழுதியவை கப்பல் தபாலில் போன நீண்ட கடிதங்கள். 1857 கிளர்ச்சிக்காகப் பிரிட்டிஷார் தந்த கண்மூடித்தனமான தண்டனைகளை அவரால் கண்டித்து எழுத முடிந்தது. வரி வரியாக வெட்ட நடுவில் அதிகாரி இல்லை. தந்தி அப்படியல்ல: சொல்லுக்குச் சொல் காசு, எல்லாச் செய்தியும் ஒரே மேசை வழியாகத்தான் போகும். அந்த மேசையில் ஓர் அதிகாரியை உட்கார வைத்தால் வேலை முடிந்தது. 1898 சூடான் படையெடுப்பில் தளபதி கிட்சனர் ஒரு நிருபருக்கு நாளுக்கு 200 சொல் என்று வரம்பு கட்டினார். ஓம்டுர்மான் சண்டையில் காயம்பட்டுக் கிடந்த எதிர்த்தரப்பு மஹ்தி வீரர்கள் கொல்லப்பட்டதை அந்த 200-க்குள் எங்கே எழுதுவது? அங்கே நிருபராக இருந்த எர்னஸ்ட் பென்னட் ஊர் திரும்பி, 1899 ஜனவரியில் ஒரு மாத இதழில் அதை எழுதினார்.