மறுமொழி: 'சீரோபாசிட்டிவ்' தமிழில் என்ன?

> 'நோய்நேர்' என்று வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

சுருக்கம்தான், ஆனால் பொய் சொல்கிறது. 'சீரோபாசிட்டிவ்' என்றால் குருதிச் சோதனையில் நோயெதிர்ப்புப் புரதம் காணப்பட்டது என்பதே, நோய் இருக்கிறது என்பதல்ல. திருகோணமலைத் தாய்மாருக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருள், டொக்சோகாரா என்னும் நாய்க் குடற்புழு. உப்புவெளிக் கடற்கரையில் நாயும் குழந்தையும் ஒரே மணலில்தான் புரளுகின்றன. மண்ணோடு புழுவின் முட்டை வாய்க்குள் போனால் அதிலிருந்து வரும் குடம்பி (இளம்புழு) ஈரலுக்கோ நுரையீரலுக்கோ, சிலவேளை கண்ணுக்கோ போய்விடும். மனித உடலில் அது முதிர்ந்து முட்டையிடுவதில்லை. ஆகவே மலத்தைச் சோதித்துப் பயனில்லை. குருதியில் பிறபொருளெதிரியை, அதாவது புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்தைத்தான் தேட வேண்டும். (தமிழ்நாட்டு நண்பர்கள் 'எதிர்ப்பொருள்' என்று வாசித்துக்கொள்க. அந்தச் சண்டை இன்று வேண்டாம்.)

பிறபொருளெதிரியோ பல ஆண்டுகள் நிற்கக்கூடியது. இருப்பது இன்றைய தொற்றா, என்றோ வந்து போனதா என்று சோதனை சொல்லாது. 'நோய்நேர்' என்று கண்ட தாய் அன்றிரவு உறங்குவாளா?

'சுவடுள்ள', 'சுவடற்ற' என்று வைப்போம். முதலில் 'குருதித்தடம்' என்று எழுதிப் பார்த்தேன். கொலைச் செய்தி போல இருந்தது. 'எதிரித்தடம்' அதைவிட மோசம். எங்கள் நீதிமன்றங்களில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.

> தம்பி, நான்கு மாதப் பிள்ளைக்கும் இதே சொல்லா? அது தாயின் குருதியிலிருந்து வந்ததாக இருக்குமே.

அக்கா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். பிறபொருளெதிரியில் ஐஜிஜி என்னும் வகை சூல்வித்தகத்தை (நச்சுக்கொடியை) கடந்து பிள்ளைக்குப் போய்விடும். மண்ணையே தொடாத பிள்ளையும் 'சுவடுள்ள' பிள்ளை ஆகிவிடுகிறது! அதற்குத் 'தாய்ச்சுவடு' என்று தனிச்சொல் தேவை. ('தாய்ச்சீதனம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வீட்டில் வாசித்துக் காட்டினேன். மனைவி முறைத்த முறைப்பில் கைவிட்டேன்.) பிறந்து ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும் என்பதால், இடைவெளி விட்டு மறுபடி குருதி எடுத்து, அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஐஜிஎம் என்னும் இன்னொரு வகை சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை; ஆகவே அது தாய்ச்சுவடு ஆகாது.

மனிதக் குடலில் வாழும் வட்டப்புழு தொற்றிய பிள்ளையின் குருதியும் சிலவேளை டொக்சோகாராச் சோதனையை ஏமாற்றிவிடும். அதைக் 'குறுக்குவினை' என்கிறார்கள். எனக்கு 'அயற்சுவடு' பிடித்திருக்கிறது.

மிஞ்சியிருப்பது 'டைட்டர்', அதாவது குருதியில் பிறபொருளெதிரி எவ்வளவு என்று காட்டும் அளவு. 'சுவடளவு' என்றால் காலணி அளவு போலத் தோன்றுகிறதோ? வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.