கார்த்தஹேனாவில் மூன்று இரவுகள்: கோட்டையா, கடலா, பலேன்கேயா?

வெண்தாமரை

வணக்கம். பிப்ரவரி நடுவில் மயாமியிலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் போகிறோம். வியாழன் மாலை இறங்கி, ஞாயிறு மாலை விமானத்தில் திரும்ப வேண்டும். முழுதாகக் கையில் இருப்பது இரண்டு பகல், அரைகுறையாக ஒன்று. நான், கணவர், சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமியார். அத்தைக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். ரொசாரியோ தீவுகளுக்கு ஒரு நாள் ஒதுக்கியே தீர வேண்டும் என்கிறார் கணவர். பழைய நகரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், முடிந்தால், தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகள் அமைத்த சான் பசீலியோ தெ பலேன்கே என்ற ஊருக்கும் போக வேண்டும் என்பது என் ஆசை. அத்தையோ, "எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போ, படகில் மட்டும் ஏற்றாதே" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மதில்மேல்

உங்கள் அத்தை சொல்வதே சரி. தீவை அடியோடு விட்டுவிடுங்கள்.

டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வடகிழக்குக் காற்று பலமாக வீசும். காலையில் அடங்கியிருக்கும் கடல் பிற்பகலில் கொந்தளிக்கத் தொடங்கிவிடும். லா போதெகீத்தா துறையிலிருந்து கிளம்பும் வேகப்படகுகள் ஒவ்வோர் அலைக்கும் எழும்பி விழும். முழங்கால் வலிக்காரர் அதில் உட்கார்ந்து வருவது தண்டனை. காலையிலேயே துறைக்குப் போய் நின்று, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, துறைமுக வரியையும் தேசியப் பூங்காக் கட்டணத்தையும் தனித்தனியாகக் கட்டி, மாலை உப்பும் வெயிலுமாக அறைக்குத் திரும்பினால் அன்றைய பொழுது போயிற்று. இருக்கும் இரண்டு பகலில் ஒன்றை இதற்குக் கொடுப்பானேன்?

அந்த நாளில் சான் ஃபெலிப்பே கோட்டைக்குப் போங்கள். காலையில் திறக்கும்போதே போய்விட வேண்டும், மேலே நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1657-ல் கட்டத் தொடங்கியது. 1762 முதல் அந்தோனியோ தெ அரேவாலோ என்ற பொறியாளர் குன்றையே முழுதாகக் கல்லால் போர்த்திப் பெரிதாக்கினார். உள்ளே சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. ஒரு முனையில் நடப்பவனின் காலடிச் சத்தம் மறுமுனைக்குத் தெளிவாகக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஒருவரை முன்னே அனுப்பிவிட்டு நின்று கேட்டுப் பாருங்கள். 1741-ல் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்து இந்தக் குன்றில்தான் முட்டிக்கொண்டார். வீரர்கள் தூக்கி வந்த ஏணிகள் சுவரின் உச்சிக்கு எட்டவில்லை. இதற்கிடையில், நகரம் விழுந்துவிட்டது என்று நம்பி இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கமே அச்சடித்துவிட்டார்கள்! பதக்கத்தில் மண்டியிட்டு நிற்பதாகக் காட்டப்பட்டவர், நகரைக் காத்த பிளாஸ் தெ லெசோ. ஒரு காலும் ஒரு கண்ணும் இழந்து, ஒரு கை முடங்கிப்போன அவருடைய சிலை கோட்டை வாசலில் நிற்கிறது.

அலைவரிசை

மதில்மேல் எழுதியது: "இருக்கும் இரண்டு பகலில் ஒன்றை இதற்குக் கொடுப்பானேன்?"

கரீபியன் கடற்கரைக்குப் போய்க் கடலில் இறங்காமல் வருவதற்கு எதற்காக விமானம் ஏற வேண்டும்? மதில்மேல் கோட்டைக்காரர், அவர் அப்படித்தான் பேசுவார். பழைய நகரம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எவ்வளவு பெரிது? பொடிநடையாக ஒரு காலைப் பொழுதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். இரண்டாம் நாள் மதியம் அதே மஞ்சள் சுவர், அதே காகிதப்பூ தொங்கும் மாடம், அதே தொப்பிக் கடை. கத்தோலிக்க மதவிசாரணை மன்றம் இருந்த இன்க்விசிஷன் மாளிகையில் சித்திரவதைக் கருவிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வாசலில் நிற்கும் வெயிலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

நகரத்துக் கடற்கரையான போகாகிராந்தேயை மட்டும் தீவுக்கு மாற்றாக நினைத்துவிடாதீர்கள். மணல் சாம்பல் நிறம், தண்ணீர் கலங்கல். உங்கள் கணவர் கேட்பது தெளிந்த பச்சைத் தண்ணீர்; அது தீவில்தான் இருக்கிறது. ஐந்து தீவைச் சுற்றிக் காட்டும் கூட்டப் படகில் ஏறாமல், நேராக ஒரே தீவுக்குப் போய், மதியச் சாப்பாட்டோடு பகல் முழுக்க இருக்க விடும் விடுதியைப் பிடியுங்கள். அத்தையை நிழலில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தால் போதும், படகை மறந்துவிடுவார்.

மதில்மேல்

தண்ணீர் ஏன் கலங்கல் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. மக்தலேனா ஆற்றையும் கார்த்தஹேனா விரிகுடாவையும் இணைக்க 1650-ல் ஸ்பானியர்கள் வெட்டிய தீக்கே கால்வாய் இன்றும் ஆற்று வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த வண்டல் விரிகுடாவோடு நிற்பதில்லை, ரொசாரியோ பவளத்திட்டு வரைக்கும் போகிறது. 1977-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தும் பவளம் தேய்ந்துகொண்டே வருகிறது. நன்னீரும் சேறும் ஒருபுறம், நாள்தோறும் வந்து நங்கூரம் போடும் படகுகள் மறுபுறம். விளம்பரப் படத்தில் காணும் கடலடி எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று அவருக்கு ஆசை காட்டாதீர்கள்.

அலைவரிசை

எல்லா இடத்திலும் என்று நான் எங்கே சொன்னேன்? அவர் குளிக்கத்தான் கேட்கிறார், கடல் உயிரியல் ஆய்வுக்கு அல்ல.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பரூ தீவின் பிளாயா பிளாங்கா கடற்கரை வேண்டாம். பாலம் வந்தபின் சாலை வழியாகவே போகலாம் என்பதால் படகு பயம் உள்ளவர்களுக்கு எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மணல் வெண்மைதான். ஆனால் வார இறுதியில் கால் வைக்க இடமிருக்காது. "ருசி பாருங்கள், இலவசம்" என்று ஒருவர் சிப்பியைப் பிளந்து எலுமிச்சை பிழிந்து நீட்டினார். நான்காவது சிப்பி உள்ளே போனபிறகுதான் விலை சொன்னார். ஓர் இரவு வாடகையில் பாதி.

கற்பூரவல்லி

சண்டைக்கு நடுவே காகித வேலை ஒன்று. இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் அபாய நாடுகள் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குபவர் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். அத்தை கார்த்தஹேனாவிலிருந்து வந்த கையோடு சென்னைக்குக் கிளம்புகிறாரா, சில வாரம் கழித்தா என்பதைப் பொறுத்தது இது. சான்று, ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. அதைவிட முக்கியம், 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியைப் போடுவதா என்பதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். சும்மா போட்டு வைப்போம் என்று இறங்காதீர்கள்.

கோட்டைப் பிரியருக்கு ஒரு சொல்: வெர்னனின் படையை முடித்ததில் உங்கள் சுவருக்குப் பங்கு குறைவு. மஞ்சள் காய்ச்சல்தான் ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனது.

கருங்காலி

கோட்டையா கடலா என்று இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறீர்கள். அந்தக் கல்லைச் சுமந்தவர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்பானிய அமெரிக்காவில் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கிய முதன்மைத் துறைமுகங்களில் ஒன்று கார்த்தஹேனா. மணிக்கூண்டு வாயிலைத் தாண்டியதும் வருகிற தெ லோஸ் கோச்செஸ் சதுக்கத்தில்தான் ஆட்களை விற்றார்கள். இன்று அதன் ஓரத்து வளைவுத் தாழ்வாரத்தில் பெரிய கண்ணாடி ஜாடிகளை அடுக்கித் தேங்காய் மிட்டாய் விற்கிறார்கள். வாங்கித் தின்றுகொண்டே படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள் பயணிகள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சான் பெத்ரோ கிளாவர் தேவாலயம். பலிபீடத்தின் அடியில் கண்ணாடிப் பேழையில் அவருடைய எலும்புகள். மண்டையோடு தெளிவாகத் தெரியும். 1610-ல் வந்த இயேசு சபைத் துறவி, 1654-ல் இறக்கும்வரை அடிமைக் கப்பல்களின் அடித்தட்டில் இறங்கி உணவும் மருந்தும் கொடுத்தார். 1888-ல் புனிதர் பட்டம். எல்லா வழிகாட்டியும் இதுவரை சொல்வார். கிளாவரின் பக்கத்தில் நின்று அவர் பேச்சை ஆப்பிரிக்க மொழிகளில் சொன்னவர்கள், இயேசு சபைக் கல்லூரியே அடிமைகளாக வைத்திருந்தவர்கள் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

வெண்தாமரை, உங்கள் எண்ணம் சரியானது. பலேன்கேவுக்குப் போங்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பித் தலைவரான பென்கோஸ் பியோஹோவின் வழியில் தப்பியோடியவர்கள் அமைத்துக்கொண்ட ஊர் அது. அவரை 1621-ல் கொன்றார்கள், ஊர் சாகவில்லை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். வாடகைக் காரில் போகலாம், படகு தேவையில்லை.

மதில்மேல்

இதை நான் எதிர்க்கிறேன், காரணத்தோடு. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நடுவே இரண்டு மணி நேரம் ஒரு சிற்றூரின் தெருக்களில் கூட்டமாக நடந்து, அடுத்தவர் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்து, மேளத்துக்குக் கை தட்டிவிட்டு வருவது. மனிதர்கள் வாழும் ஊரைக் காட்சிப் பொருளாக்குவதற்கு நல்ல நோக்கம் என்ற பெயர் வேறு. அவர்கள் வரலாற்றை மதிப்பவர் நகரத்திலேயே அதைத் தெரிந்துகொள்ளலாம்.

கருங்காலி

காட்சிப் பொருள் நகரத்தில்தான் இருக்கிறது ஐயா. மஞ்சள், நீலம், சிவப்புப் பாவாடை கட்டி, தலையில் பழத்தட்டோடு மதில் ஓரம் நிற்கும் பலேன்கேப் பெண்களிடம் யாராவது பெயர் கேட்டதுண்டா? படத்துக்குக் காசு கொடுக்கிறார்கள், அதிலும் பேரம் பேசுகிறார்கள். ஊரில் நிலைமை வேறு. சுற்றிக் காட்டுபவர் அந்த ஊர்க்காரர், சமைப்பவர் அந்த ஊர்க்காரர், பேசும் நிபந்தனை அவர்களுடையது. சதுக்கத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு நிற்கும் பியோஹோ சிலை. அதைச் சுற்றிப் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் ஸ்பானியச் சொற்களும் கிகோங்கோ என்ற ஆப்பிரிக்க மொழியின் வேர்களும் கலந்த சொந்த மொழியில் சத்தம் போடுவார்கள். அந்த மொழியையும் சடங்குகளையும் பார்த்துத்தான் 2005-ல் யுனெஸ்கோ அந்த ஊரின் பண்பாட்டை மரபுச் செல்வமாக அறிவித்தது. 1972-ல் குத்துச்சண்டையில் கொலம்பியாவின் முதல் உலகப் பட்டத்தை வென்ற அந்தோனியோ செர்வாந்தெஸ், எல்லோரும் கிட் பம்பெலே என்று அழைப்பவர், இந்த ஊர்ப் பிள்ளை. அவர் வென்ற பிறகே ஊருக்கு மின்சாரம் வந்தது என்பார்கள். இதை மதில் மேல் நின்று தெரிந்துகொள்ள முடியாது.

அலைவரிசை

ஆக, படகில் ஒரு மணி நேரம் போனால் பொழுது வீண், காரில் ஒன்றரை மணி நேரம் போனால் ஞானம்.

கருங்காலி

நான் பொழுதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியவர் மதில்மேல்.

வெண்தாமரை

எல்லோருக்கும் நன்றி. அத்தை சென்னை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுகிறேன். தங்குவது எங்கே? ஹெத்செமனிப் பேட்டையில் ஓர் அழகான வீடு கிடைக்கிறது, மதிலுக்குள் இருப்பதைவிட வாடகை குறைவு. பிறகு, சைவச் சாப்பாடு?

சன்னலோரம்

ஹெத்செமனி வேண்டாம், அதுவும் வெள்ளி, சனி இரவுகளில். திரித்துவச் சதுக்கத்தில் பொழுது சாய்ந்ததும் தொடங்கும் இசையும் கூட்டமும் நள்ளிரவிலும் ஓயாது. மெதியா லூனா தெருப் பக்கம் அதைவிட மோசம். எனக்கு வேறொரு மனக்குறையும் உண்டு. 1811 நவம்பர் 11 அன்று பெத்ரோ ரொமேரோவின் பின்னால் திரண்டு, ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை கேட்டு ஆட்சியாளர்களை நெருக்கியவர்கள் இந்தப் பேட்டையின் கைவினைஞர்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றன. அந்த வீடுகள்தான் "அழகான வீடு" என்று இணையத்தில் நமக்கு வருகின்றன. மதிலுக்குள்ளேயே சான் தியேகோ பகுதியைப் பாருங்கள், சற்று அமைதி. எங்கே தங்கினாலும் தரைத்தள அறையும் குளிர்சாதனமும் கேட்டு வாங்குங்கள். பழைய வீடுகளில் மின்தூக்கி இருக்காது, தெருவோர நடைபாதைகள் குறுகலாகவும் உயரமாகவும் இருக்கும்.

அலைவரிசை

இரவு இசைக்குத்தானே ஹெத்செமனிக்குப் போவது! சம்பெத்தா இசை பிறந்த ஊரில் போய் ஒன்பது மணிக்குப் படுப்பீர்களா? சரி, அத்தைக்காக விட்டுவிடுகிறேன்.

கற்பூரவல்லி

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். தேங்காய்ச் சோறு கேளுங்கள். தேங்காய்ப் பாலை எண்ணெய் பிரிந்து கசடு பழுப்பாகும்வரை காய்ச்சி, அதில் அரிசியைப் போட்டு வெல்லத்தோடு வேக வைப்பார்கள். அத்தைக்குப் பிடித்துப் போகும். இரண்டு முறை பொரித்துத் தட்டிய வாழைக்காய், அரெப்பா என்ற சோள அடையில் பாலாடைக்கட்டி வைத்தது, தேங்காய் எலுமிச்சைச் சாறு எல்லாம் உண்டு. தெருவில் விற்கும் முட்டை அரெப்பாவில் கொத்துக்கறியும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பீன்ஸிலும் சூப்பிலும் இறைச்சி கலப்பது வழக்கம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். "சின் கார்னே, சின் பொய்யோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி, கோழி, மீன் எதுவும் வேண்டாம்.

டாக்சியில் மீட்டர் இல்லை. ஏறும் முன் கட்டணம் பேசிவிட வேண்டும். விமான நிலையம் நகரத்துக்கு வெகு அருகில்தான்.

வெண்தாமரை

இப்படி யோசித்திருக்கிறேன். சான் தியேகோவில் அறை. வெள்ளிக்கிழமை காலை கோட்டை, நாங்கள் மேலே ஏறும்போது அத்தை கீழேயே இருப்பார். பதினொன்று முதல் மூன்று வரை அறையில் ஓய்வு, பிறகு கிளாவர் தேவாலயம், ஐந்து மணிக்கு மதில் மேல் நடை. சனிக்கிழமை பலேன்கே, ஊர்க்கார வழிகாட்டியோடு. கணவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

அலைவரிசை

சனிக்கிழமை அவர் மட்டும் தீவுக்குப் போகட்டும், நீங்களும் அத்தையும் பலேன்கேவுக்குப் போங்கள். ஒரு குடும்பம் மூன்று நாளும் ஒன்றாகவே திரிய வேண்டும் என்று எந்தக் கோட்டையில் எழுதி வைத்திருக்கிறது?

மதில்மேல்

இது ஒன்றுதான் இதுவரை நீங்கள் சொன்னதில் உருப்படியானது. ஆனால் சனிக்கிழமையோடு நிற்கட்டும். ஞாயிறு காலை இன்னொரு முறை கடல் என்று கிளம்பினால், காற்றுக்காகப் படகு நிற்கும், மாலை விமானம் நிற்காது.

வெண்தாமரை

கணவரிடம் சொன்னேன். தூக்கி வைத்திருந்த முகம் இறங்கிவிட்டது, படகுக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தானும் தீவுக்கு வரலாமா என்று அத்தை கேட்கிறார்.