மிளகு மணக்கும் ஒயின்: பரோசா ஷிராஸும் ரோன் சிராவும்

அடிலெய்டிலிருந்து:

எங்கள் வீட்டில் பெரும்பாலும் பரோசா பள்ளத்தாக்கின் ஷிராஸ் சிவப்பு ஒயின்தான். இதே திராட்சையைப் பிரான்சில் சிரா என்பார்கள். காரில் ஒரு மணி நேரம் போனால் தோட்டமே வந்துவிடும். அங்கே லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பிரான்சில் 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்சரா பூச்சி வேரை உறிஞ்சியே தோட்டம் தோட்டமாக அழித்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அதை இன்றுவரை நுழைய விடவில்லை.

சமீபத்தில் நண்பர்கள் வந்தபோது ஒரு பரோசாவையும், பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வரும் க்ரோஸ் எர்மிடாஜ் சிரா ஒன்றையும் லேபிளை மறைத்து ஊற்றினேன். இரண்டும் ஒரே திராட்சை என்று சொன்னாலும் நம்புவது கஷ்டம். பரோசா நல்ல கருஞ்சிவப்பு. பழுத்த ப்ளாக்பெர்ரி, சாக்லேட், 14.5 சதவீத ஆல்கஹால் தொண்டையில் சுள்ளென்று இறங்கும். பிரெஞ்சு ஒயினில் 13 சதவீதம்தான். மெலிசு, புளிப்பு தூக்கல், ஆலிவ், கொஞ்சம் புகை, அப்புறம் மிளகு. என் மனைவி மோந்து பார்த்ததுமே, "ரசத்துக்கு மிளகு தட்டின மாதிரி இருக்கே" என்றாள்.

அது வெறும் பிரமை இல்லை. ரோட்டண்டோன் என்ற பொருள்தான் காரணம் என்று இங்குள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். மிளகின் வாசனைக்கும் அதேதான் காரணம். குளிர்ந்த ஊர்த் திராட்சையின் தோலில் அது கூடுதலாகச் சேரும். வேடிக்கை என்னவென்றால், சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது. வந்திருந்த ஒருவர் கடைசிவரை "மிளகா? எங்கேங்க?" என்று கோப்பைக்குள் மூக்கை விட்டுக்கொண்டே இருந்தார்.

லியோனிலிருந்து:

இங்கிருந்து ரோன் ஆற்றங்கரை ஊரான தாங் லெர்மிடாஜுக்கு ரயிலில் போய் வருவது சுலபம். ஊருக்குப் பின்னாலேயே சிரா விளையும் எர்மிடாஜ் குன்று, உச்சியில் சின்னத் தேவாலயம். மொத்தமே சுமார் 136 ஹெக்டேர், அதனால் விலையும் அப்படித்தான். ஏறிப் பாருங்கள், மூச்சு வாங்கும். சரிவில் இயந்திரம் ஏறாது, அறுவடை கையால்தான். பெரிய பெயருக்காக அங்கே காசைக் கொட்ட வேண்டாம் என்பேன். சுற்றியுள்ள க்ரோஸ் எர்மிடாஜ் ஒயினிலேயே திருப்தியாகக் குடிக்கலாம். அந்தப் பெயரின் மவுசு அப்படி: ஆஸ்திரேலியாவின் பேர்போன ஷிராஸான பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்சுக்கே முன்பு லேபிளில் "கிரேஞ்ச் எர்மிடாஜ்" என்றுதான் இருந்தது. 1990 அறுவடையிலிருந்துதான் அந்தப் பின்பாதியை எடுத்தார்கள்.

மெல்போர்னிலிருந்து:

மிளகுக்காகப் பிரான்ஸ் வரை போக வேண்டாம். விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் பக்கத்து ஷிராஸ் வாங்குங்கள், மிளகு தூக்கலாகவே இருக்கும். ஒன்று மட்டும்: காரமான மட்டன் சுக்காவோடு 15 சதவீத பரோசா வேண்டாம். ஆல்கஹால் ஏற ஏற மிளகாய்க் காரமும் நாக்கில் கூடும். பரோசாவுக்குக் காரமில்லாமல் வாட்டிய ஆட்டுக்கறி போதும். கோடையில் ஊற்றும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.