அவர்கள் ஏன் மடத்தைவிட்டுப் போகவில்லை? ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ படம் பற்றி ஒரு கேள்வி

முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி:
சவியே போவுவா இயக்கி, 2010இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ விருது பெற்ற இந்தப் பிரெஞ்சுப் படத்தைக் கடந்த ஞாயிறு மாலை என் தாயாருடன் வீட்டிலேயே பார்த்தேன். அல்ஜீரியாவின் திபிரின் மடத்தில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவிகளில் எழுவர் 1996 மார்ச்சில் ஆயுதக் குழுவினரால் கடத்தப்பட்டு, பின்னர் கொல்லப்பட்ட உண்மை நிகழ்ச்சியே கதை. அம்மா எங்கள் ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயமான சம்பா கோயிலில் காலைப் பூசையைத் தவறவிடாதவர். கான்வென்ட்டில் பிரெஞ்சு படித்தவர் என்பதால் வசன வரிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படம் முடிந்ததும், “ஆபத்து வருகிறதென்று தெரிந்தும் அங்கேயே இருப்பது விசுவாசமா, பிடிவாதமா? ஆண்டவர் ஓர் அடையாளமும் காட்டவில்லையே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. படம் என் மனத்தைவிட்டு அகலாததற்கு அந்தக் கேள்வியே காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?

கெடிலக்கரையான், கடலூர்:
தங்கள் தாயாரின் கேள்வியைத் துறவிகளே தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள் அம்மா. இராணுவக் காவல் வேண்டாமென்று மடத்தலைவர் கிறிஸ்தியான் தாமாகவே மறுத்துவிட்டு வந்ததும், தனியாக முடிவெடுக்கவா உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று சகோதரர்கள் அவரைக் கடிந்துகொள்கிறார்கள். முதலில் சிலர் போய்விடலாம் என்றே சொல்கிறார்கள். இளையவரான கிறிஸ்தோஃப் இரவில் தம் அறையில் உதவி கேட்டு மன்றாடுகிறார், பதில் வருவதில்லை.

எங்கள் ஊரில் பக்திக் கதை என்றால் அப்பர் கதைதான். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டவர் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு வந்து சேர்ந்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயரே நிலைத்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்தப் படத்திலும் கல் மிதக்கும் என்று கடைசிவரை காத்திருந்தேன், மிதக்கவில்லை. பனி கொட்டும் மலைச்சரிவில் அவர்கள் ஏறி நடந்து வெண்மூட்டத்துக்குள் மறைவதோடு இயக்குநர் நிறுத்திக்கொள்கிறார். கொன்றவர் யார் என்ற சர்ச்சை இன்றும் தீராத நிலையில், கொலையைக் காட்டாமல் விட்டது நேர்மையான முடிவு.

லாஸ்பேட்டை ரசிகர்:
படம் பிடித்தது, ஆனால் ஒரு குறை. ஏறக்குறைய படம் முழுவதும் துறவிகளின் ஜெபப் பாடலைத் தவிர வேறு இசையே இல்லாமல் கொண்டுபோனவர், கடைசி விருந்தில் மட்டும் சைக்கோவ்ஸ்கியின் ‘அன்னப்பறவை ஏரி’ இசையை ஒலிக்கவிட்டு, முகம் முகமாக மிக அருகில் காட்டுவது கண்ணீரைக் கேட்டு வாங்குவதாக எனக்குப் பட்டது.

பணிமூப்புச் செவிலியர், கடலூர்:
ஐயா சொல்வதை முழுதாக மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஒலிநாடாவைப் போடுவதும், இரண்டு மது புட்டிகளைக் கொண்டுவந்து வைப்பதும் மருத்துவத் துறவி லூக் என்பதைக் கவனியுங்கள். நாளெல்லாம் மருந்தகத்தில் கிராமத்தாருக்கு மருந்து கொடுத்து, மருந்தோடு காலணியும் எடுத்துக் கொடுத்து, காயம்பட்டு வந்த ஆயுதக் குழுவினனுக்கும் அதே கையால் சிகிச்சை செய்த ஆஸ்துமாக்காரக் கிழவர் அவர். நானும் மருந்தகத்தில் பணிபுரிந்தவள். வெளியே வரிசை நிற்கும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

அம்மையாரின் கேள்விக்குப் படத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. போவதா இருப்பதா என்று தெரியாமல் கிளையில் அமர்ந்த பறவைபோல் இருக்கிறோம் என்று துறவி ஒருவர் சொல்ல, பறவைகள் நாங்கள், கிளை நீங்கள், நீங்கள் போனால் நாங்கள் எங்கே காலூன்றுவது என்று அந்தக் கிராமத்து முஸ்லிம் பெண் கேட்கிறாள். அவர்கள் எதிர்பார்த்த அடையாளம் அவள் வாயிலிருந்து வந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

முத்தியால்பேட்டை வாசகி:
எல்லாப் பதில்களையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நன்றி. கிளை பற்றிய பதிலுக்குச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கிளை முறிந்த பிறகு அந்தப் பறவைகள் என்னவாயின என்று படம் சொல்லவில்லையே” என்றார். மறுபடி பார்க்க வேண்டுமாம். இம்முறை வசன வரிகளை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார்.